ஊமை டீம்

பொதட்டூர்பேட்டையில் தறி ஓடும் வீட்டில் சண்டை போடுகிறவர்களுக்கு ஓர் ஆபத்து உண்டு. நாலு தறியும் ஓடுகிறவரை யார் யாரை என்ன சொன்னாலும் வாசலைத் தாண்டாது. திடீரென்று கரண்ட் போகும். கத்திக்கொண்டிருந்தவன் குரல் மட்டும் அந்தரத்தில் தனியாக நிற்கும். எதிர்வீடு, டீக்கடை, பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லோரும் அதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டுவார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை பகலில் வீரபத்திரன் ஷெட்டிலிருந்து தெருவுக்குக் கேட்டது இது:

"பந்துக்குத்தான தங்கச்சியக் குடுத்தே நீ!"

சொன்னவன் சுதாகர். கேட்டுக்கொண்டிருந்தவன் அவன் மனைவியின் அண்ணன் வீரபத்திரன். இரண்டு பேருக்கும் நடுவில் நூல் சுற்றிய தார்க்கட்டைகளை மடியில் கட்டிக்கொண்டு நின்றவள் தீபா. குடுக்கப்பட்ட தங்கச்சி அவள்தான்.

கரண்ட் போனது தெரிந்தும் யாரும் குரலைத் தணிக்கவில்லை. தறிவீட்டில் பிறந்தவர்களுக்குத் தணிக்கத் தெரியாது. வெளியூரிலிருந்து வந்த சுதாகருக்குத் தெரியும். அவனுக்கு அன்றைக்கு மனமில்லை.

"ஆங், பந்துக்குத்தான் குடுத்தேன்," என்றான் வீரபத்திரன். "பின்ன, கண்டிகைலேர்ந்து லோடு ஆட்டோ ஓட்டிகினு வந்தவனுக்கு எதுக்குக் குடுப்பேன்? மூஞ்சிக்கா?"

"பாவா, மரியாதயா பேசு."

"மரியாதயா? போன மேட்சுல விஜயன் காலி கோல் முன்னாடி நின்னுகினு கீறான். ஒரு தட்டு தட்டினா போதும். நீ பாட்டுக்கு மூணு பேர சுத்திகினு..."

"கோல் போச்சா, இல்லியா?"

"போச்சு."

"அப்ப இன்னா?"

"போவலன்னா?"

"போச்சே!"

"போவலன்னா இன்னா பண்ணியிருப்பே? அதச் சொல்லு!"

தெருவில் யாரோ சிரித்தார்கள். வீரபத்திரன் மனைவி வரலட்சுமி தன் தறியை விட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"அடுப்புல களி இறுகிகினு கீது. துன்னுட்டு வந்து அடிச்சிக்கோங்க ரெண்டு பேரும்," என்றாள்.

வீரபத்திரன் பொய் சொல்லவில்லை. பந்துக்காகத்தான் கொடுத்தான். திருத்தணியில் வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் நடக்கும் போட்டியில் ஒவ்வொரு டீமிலும் அந்தந்த ஊர் ஆட்கள் மட்டும்தான் ஆடலாம்; ஆதார் கார்டில் அந்த ஊர் முகவரி இருக்க வேண்டும். பொதட்டூர்பேட்டை டீம் பத்து வருஷமாக அரையிறுதியில் தோற்றுக்கொண்டிருந்தது. பின்னால் நின்று தடுக்க வீரபத்திரன் இருந்தான், நடுவில் விஜயன் இருந்தான். கோல் போடத்தான் ஆள் இல்லை. கே.ஜி.கண்டிகையில் வறண்ட ஏரிக்குள் வெறுங்காலோடு ஆடிக்கொண்டிருந்த ஒருவனை வீரபத்திரன் ஒரு நாள் பார்த்தான். எதிரில் நின்றவர்களை அவன் தாண்டிப் போகவில்லை. அவர்களாக விலகி வழிவிட்டதுபோல இருந்ததாம். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான்.

அதே பையன்தான் தங்கள் ஷெட்டுக்கு நூல் மூட்டை இறக்க வருகிறவன் என்பதும், தீபா அவனுக்கு மட்டும் சொம்பைக் கழுவித் தண்ணீர் கொடுக்கிறாள் என்பதும் அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது. வேறு அண்ணனாக இருந்தால் அரிவாளைத் தேடியிருப்பான். வீரபத்திரன் ஆதார் கார்டில் முகவரி மாற்ற எத்தனை நாள் ஆகும் என்று விசாரித்தான். சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். "வீட்டோட மாப்ளயா இருக்கட்டும்" என்று அவன் சொன்னபோது அவர்களுக்கு அது ரோஷமாகக் கேட்டது. டீமில் இருந்தவர்களுக்கு மட்டும் காரணம் தெரியும். தாலி கட்டும்போது கோல்கீப்பர் கண்ணையன் விசில் அடித்தான்.

தீபாவுக்கு அதில் அப்போது வருத்தம் இல்லை. விரும்பியவன் கிடைத்தான். எதற்காகக் கொடுத்தார்கள் என்பது அவளுக்கு எதற்கு? ஆனால் இரண்டு வருஷத்தில் அந்த எதற்காக என்பது வீட்டுக்குள் ஒரு ஆளைப்போல வளர்ந்து, சாப்பாட்டு நேரத்தில் வந்து உட்கார ஆரம்பித்தது.

களியையும் வேர்க்கடலைத் துவையலையும் வரலட்சுமி தட்டில் வைத்தாள். ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கரண்ட் வரவில்லை. ஆடிக் காற்று கூரைத் தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. தலையிலும் புருவத்திலும் ஒட்டிய பஞ்சோடு வீரபத்திரன் களியை உருட்டினான். உருட்டியபடியே தீபாவைப் பார்த்து உதட்டை அசைத்தான். சத்தம் இல்லை.

'ஞாயித்துக்கிழம எவனோ வர்றானாமே. மெய்யா?'

தீபாவும் சத்தமில்லாமல் சொன்னாள். 'ஆங். கம்பெனி டீம் கோச்சு.'

'எடுத்துப்பானா?'

'தெரியல.'

'எடுத்துகினா நீயும் போயிடுவே.'

சுதாகர் கையில் எடுத்த களியைத் தட்டில் திரும்ப வைத்தான். அவன் கண் அண்ணன் வாயிலிருந்து தங்கை வாய்க்கும், அங்கிருந்து திரும்பவும் போய் வந்துகொண்டிருந்தது.

"இன்னா சொல்றான் ஒங்கண்ணன்?"

"ஒண்ணுமில்ல," என்றாள் தீபா.

தறிச் சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது. அதனால் ஷெட்டில் வளரும் குழந்தைகள் காதால் கேட்கும் முன்பே கண்ணால் கேட்கப் பழகிவிடும். நாலு தறிக்கு அப்பால் நிற்கிறவள் 'நூல் அறுந்துட்ச்சி பார்' என்று உதட்டை அசைத்தால் போதும். ஊர் முழுக்க இப்படித்தான். கல்யாணப் பந்தலில் மேளச் சத்தத்துக்கு நடுவே பந்தியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சாம்பார் கேட்பார்கள். இதற்கு ஒரு கட்டுப்பாடும் இருந்தது. யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, எல்லோருக்கும் தெரியும்: ஷெட்டுக்குள் வாயை மூடிக்கொண்டு பேசக் கூடாது. இருமல் வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார்களே தவிர, கையை வாய்க்குக் கொண்டுபோக மாட்டார்கள். கூலிக்கு வந்த ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பக்கத்துத் தறிக்காரியிடம் ஏதோ சொன்னாள் என்று அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்தியது உண்டு. அவள் சொன்னது என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. மூடினாள், போதும்.

பொதட்டூர்பேட்டை டீமின் பலமும் இதுதான். மற்ற டீம்கள் "போடு, இங்க போடு, பின்னாடி ஆளு" என்று தொண்டை கிழியக் கத்தும். இவர்கள் கத்துவதில்லை. வீரபத்திரன் பின்னாலிருந்து உதட்டை அசைப்பான்; பத்துப் பேரும் ஓடிக்கொண்டே ஒரு கண் அவன் மேல் வைத்திருப்பார்கள். பந்து எங்கே போகப் போகிறது என்று எதிராளிக்குத் தெரியாது. அரக்கோணத்துப் பையன்கள் இவர்களுக்கு வைத்த பெயர் ஊமை டீம். அந்தப் பெயரை இவர்களே பனியன் முதுகில் அச்சடித்துக்கொண்டார்கள்.

அந்தப் பனியனை மாட்டிக்கொண்டு அந்த டீமில் ஆடியவர்களில் ஒருவனுக்கு மட்டும் அந்தப் பேச்சு புரியாது. அதை அவன் தீபாவைத் தவிர ஒருவரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. பந்து வந்தால் எடுத்துக்கொண்டு போனான். யார் எங்கே நிற்கிறான் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை; சொன்னது அவனுக்குக் கேட்கவில்லை. கோல் போட்டான். ஊரில் அவன் படம் போட்டு பேனர் கட்டினார்கள். பதினோரு பேர் ஆடிய ஆட்டத்துக்கு ஒருவன் படம் மட்டும் ஏன் என்று கண்ணையன் கேட்டதற்கு, பேனருக்குச் செலவழித்த லுங்கி வியாபாரி குணசேகரன், "மீதி பத்து மூஞ்சியையும் போட்டா ஜனம் பயந்துக்கும்பா" என்று சிரித்தார். கண்ணையன் சிரிக்கவில்லை.

கல்யாணமான புதிதில் சுதாகர் தீபாவிடம் ஒரு முறை கேட்டான்.

"எனக்கும் அத்தக் கத்துக்குடேன். கிரவுண்டுல ஒண்ணும் பிரியல."

அவள் சிரித்தாள். கண்ணாடி முன் உட்கார்ந்து தலையிலிருந்து பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தாள். "அத்தயெல்லாம் கத்துக்குடுக்க முடியுமா? தானா வரணும்," என்றாள்.

"சும்மா ரெண்டு வார்த்த சொல்லு. பாக்கலாம்."

அவள் கண்ணாடியில் அவனைப் பார்த்து உதட்டை அசைத்தாள். அவன் ஏதோ சொன்னான், தப்பு. மறுபடி அசைத்தாள். மறுபடி தப்பு. அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அன்றைக்கு முந்தின நாள்தான் திருத்தணி கோயில் படியில் யாரோ அவனை நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவளை, "நீங்க கொஞ்சம் நவுருங்க" என்றார்கள்.

அவன் முகம் சிவந்து, "போடி, செவிட்டு பாஷ," என்றான். அதைச் சொன்னபோது வரலட்சுமி வாசலில் இருந்தாள். சாயங்காலத்துக்குள் அது வீரபத்திரன் வரை போனது. முப்பது வருஷத் தறிச் சத்தத்தில் அவனுக்கு இடது காது போயிருந்தது. டீமிலும் பாதிப் பேருக்கு ஏதோ ஒரு காது அரைக்காதுதான். அன்றிலிருந்து சுதாகரை அவன் மாப்ள என்று கூப்பிடுவதை விட்டுவிட்டான். 'கண்டிகைக்காரன்' என்றுதான் சொல்வான், அதுவும் உதட்டால்.

அதற்குப் பிறகும், டீம் கெட்டுப்போகிறதே என்று ஒரு தடவை தீபாவிடம் சொன்னான். 'நீயாவது அவனுக்குச் சொல்லிக் குடு.' அவள் 'ஆங்' என்றாள். சொல்லிக்கொடுக்கவில்லை.

ஏன் என்று அவள் தன்னைக் கேட்டுக்கொண்டது உண்டு. தார் சுற்றும் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் கைக்கு வேலை, மனதுக்கு இல்லை. நேரமில்லை, அவன் கேட்க மாட்டான், கோபக்காரன் என்று பல பதில்கள் வந்தன. எதுவும் நிற்கவில்லை. களித்தட்டுக்கு முன்னால் அவன் கண்கள் அண்ணன் வாய்க்கும் தன் வாய்க்கும் அலைவதைப் பார்க்கும்போது வயிற்றில் ஒரு சின்னக் குளிர்ச்சி பரவும். எந்தக் கூட்டத்தையும் பிளந்துகொண்டு போகிறவன் இந்த ஒரு இடத்தில் வாசலிலேயே நிற்கிறான். உள்ளே அவள் இருக்கிறாள். அந்தக் குளிர்ச்சிக்கு என்ன பெயர் என்று அவள் யோசிக்கப் போகும்போதெல்லாம் நூல் அறுந்துவிடும். எழுந்து போய்விடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை திருத்தணியில் நிற்க இடமில்லை. கிருத்திகைக்கு இன்னும் நாள் இருந்தும் காவடி எடுத்தவர்கள் ரயில் ரயிலாக வந்து இறங்கினார்கள். மலையில் ஒலிபெருக்கி, தெருவில் பம்பை, பஸ் ஸ்டாண்டில் திருப்பதி திருப்பதி என்று ஓயாத கூவல். பொதட்டூர்பேட்டைப் பெண்கள் குணசேகரனின் வேனில் வந்து மைதானத்தின் மேட்டில் வரிசையாக உட்கார்ந்தார்கள். வரலட்சுமி புளிசாதத் தூக்கைத் திறந்து வைத்தாள். எதிர் டீம் அரக்கோணம். பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கம்பெனி ஒன்றின் கோச், ஆதிகேசவன் என்று பெயர். எடுத்துக்கொண்டால் ஆட்டமும் உண்டு, நிரந்தர வேலையும் உண்டு. சுதாகர் காலையில் எதுவும் சாப்பிடவில்லை. "இன்னிக்கு மட்டும் பந்து எங்கால்ல பட்டா போதும் தீபா," என்று ஷூ கட்டும்போது சொன்னான்.

ஆட்டம் ஆரம்பிக்க விசில் ஊதப் போகும் நேரம். வீரபத்திரன் நடு வட்டத்துக்குப் பின்னால் நின்றான். பத்துப் பேரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் வாய் நன்றாகத் திறந்து, நிதானமாக அசைந்தது.

'கண்டிகைக்காரனுக்குக் குடுக்காதீங்க. தோத்தாலும் பரவால்ல.'

மேட்டில் உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களின் கையும் புளிசாதத்தில் அப்படியே நின்றது. பம்பைச் சத்தம் மலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தது. தீபா அண்ணியைப் பார்த்தாள். வரலட்சுமி தூக்கை மூடினாள்.

வீரபத்திரனுக்கு ஷெட்டின் பழக்கம். அங்கே உதட்டால் பேசினால் ஷெட்டுக்கு வெளியே யாருக்கும் கேட்காது. இங்கே மேட்டில் பாதி ஊர் உட்கார்ந்து தன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் என்று அவனுக்குத் தோன்றவில்லையா, தோன்றியும் சொன்னானா என்பது தீபாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

பந்து விஜயனிடம் போனது, அங்கிருந்து இடது ஓரத்துக்கு, பிறகு பின்னால் வீரபத்திரனுக்கு. சுதாகர் ஓடிப் போய்க் காலியான இடத்தில் நின்று கையைத் தூக்கினான். பந்து வரவில்லை. மறுபடி ஓடினான், மறுபடி கை. பத்துப் பேரும் அவனைச் சுற்றிப் பந்தை எடுத்துக்கொண்டு போனார்கள், கிணற்றைச் சுற்றிப் போகிறவர்கள்போல. வெளியூர்க்காரர்கள் கைதட்டினார்கள். அத்தனை அழகாக இருந்தது அந்த ஆட்டம். தட்டித் தட்டி, சத்தமே இல்லாமல், ஒருவன் கால் பட்ட இடத்தில் இன்னொருவன். கோல் வரைக்கும் போவார்கள். அங்கே போட ஆள் இருக்காது. அரக்கோணத்துக்காரன் ஒருவன் எப்படியோ தலையால் முட்டி ஒரு கோல் போட்டான்.

வெள்ளைத் தொப்பிக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ கேட்டார். தூரத்திலிருந்தாலும் தீபாவுக்குப் புரிந்தது. 'அந்த சுதாகர்ன்றவன் யாரு? இன்னிக்கு ஆடலியா?'

பாதி ஆட்டத்தில் அவள் தண்ணீர் பாட்டிலோடு மேட்டிலிருந்து இறங்கினாள். சுதாகர் கோட்டுக்கு வெளியே தனியாக நின்றான். மற்றவர்கள் இருபதடி தள்ளி எலுமிச்சம்பழம் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். வீரபத்திரன் அவர்கள் நடுவே இடுப்பில் கை வைத்து, நேராக இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா நடக்குது?" என்றான் சுதாகர். "இன்னா பேசிக்கினாங்க? ஒனக்குத் தெரியும். சொல்லு."

அவள் பாட்டிலை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"ஒண்ணுமில்லன்னு மட்டும் சொல்லாத."

அவள் வாயைத் திறந்தால் அது அண்ணனுக்குத் தெரியும். இருபதடி என்ன, இருநூறு அடியானாலும் தெரியும். மேட்டில் இருக்கிறவர்களுக்கும் தெரியும். திரும்பி நின்றால் மேட்டுக்கு முகம், இப்படி நின்றால் அண்ணனுக்கு முகம். இந்த ஊரில் முதுகு காட்ட ஒரு பக்கம் இல்லை. தாலி கட்டிய நாளிலிருந்து அவள் ஒருவரிடமும் எதையும் மறைத்ததில்லை, ஒருவரிடமும் எதையும் சொன்னதும் இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நின்றதே போதுமாக இருந்தது. அது சுகமாகவும் இருந்தது.

அவள் முந்தானையை எடுத்தாள். வாயை மூடினாள். துணிக்குள்ளே சொன்னாள்:

"ஒனக்குப் பந்து வராது. தோத்தாலும் குடுக்காதீங்கன்னு அண்ணன் சொல்லிட்டான்."

மேட்டில் ஒரு சலசலப்பு எழுந்தது. யாரோ "அய்யய்ய" என்றாள். வீரபத்திரன் இடுப்பிலிருந்து கையை எடுத்தான். அவன் முகத்தில் கோபத்தை எதிர்பார்த்திருந்தாள். அறை வாங்கிய குழந்தையின் முகம் அது. பிறகு திரும்பி டீமைப் பார்த்துக்கொண்டான்.

சுதாகர் பாட்டிலை வாங்கித் தலையில் ஊற்றிக்கொண்டான். "செரி," என்றான்.

அடுத்த பாதியில் அவன் கையைத் தூக்கவில்லை. விஜயன் காலில் பந்து இருந்தது. சுதாகர் பக்கத்தில் வந்து, எதிராளியிடம் பறிப்பதுபோலத் தன் ஆளிடமிருந்தே அதைப் பறித்தான். விஜயன் தடுமாறி உட்கார்ந்தான். நடுவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோய், எதற்கு ஊதுவது என்று தெரியாமல் எடுத்துவிட்டார். சுதாகர் ஒருவனைத் தாண்டினான், இரண்டாமவனைத் தாண்டினான். கீப்பர் வெளியே வந்தபோது பந்து ஏற்கெனவே அவன் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. மைதானமே எழுந்து நின்று கத்தியது. ஒன்றுக்கு ஒன்று.

கோல் போட்டவன் கையை விரித்துக்கொண்டு திரும்பி ஓடி வந்தான், பழக்கத்தில். கட்டிக்கொள்ள யாரும் வரவில்லை. விரித்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலைமுடியைக் கோதிக்கொண்டான்.

அதற்குப் பிறகு பத்துப் பேரும் நின்றுவிட்டார்கள். படுக்கவில்லை, வெளியே போகவில்லை. ஆடுவதுபோல நின்றார்கள். அரக்கோணத்துக்காரன் பந்தோடு வரும்போது வீரபத்திரன் ஷூ லேஸ் கட்டக் குனிந்தான். கண்ணையன் கோல் கம்பத்தில் சாய்ந்து, உள்ளே போகிற பந்தைப் பஸ் போவதைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். சுதாகர் ஒருவனே முன்னால் ஓடினான், பின்னால் ஓடினான், தடுத்தான், பறித்தான். பார்க்கிறவர்களுக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது, பிறகு சிரிப்பாக இருந்தது, கடைசியில் பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. ஒருத்தன் பதினோரு பேரோடு அல்ல, இருபத்தொரு பேரோடு ஆடிக்கொண்டிருந்தான். மூன்றுக்கு ஒன்று என்று முடிந்தபோது அவன் புல்லே இல்லாத மண்ணில் குப்புறக் கிடந்தான்.

ஆதிகேசவன் கிளம்பும்போது அவன் அருகில் வந்தார். நல்ல மனிதராகத்தான் பேசினார்.

"தம்பி, உன்ன மாதிரி கால் நான் ரொம்ப நாள் கழிச்சிப் பாக்கறேன். ஆனா உன்ன எடுத்தா, மீதி பத்துப் பேர நான் புதுசா எடுக்கணும் போல இருக்கே."

"அவங்க பந்தே குடுக்கல சார்."

"அதத்தாம்பா சொல்றேன்," என்றார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் சுதாகர் லோடு ஆட்டோவை வாசலில் நிறுத்தினான். கண்டிகையில் அவன் அப்பா வீட்டுக்குப் போகிறார்கள். பெட்டி, பாய், அவன் ஷூ, அவளுடைய இரண்டு அண்டா. வீரபத்திரன் விடிந்ததிலிருந்து ஷெட்டை விட்டு வெளியே வரவில்லை. வரலட்சுமி அண்டாக்களைத் தானே தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் டங்கென்று வைத்தாள்.

"வாய மூடிக்கினு பேசிட்டியேடி," என்றாள். "ஊரே பாத்துச்சி. அத மட்டும் பண்ணாம இருந்திருக்கலாம் நீ."

"அண்ணன் பண்ணது, அண்ணி?"

"ஒங்கண்ணன் மூடிக்கினா பண்ணான்? தொறந்துகினு, எல்லாருக்கும் தெரியறாப்பலதான சொன்னான்."

"அவருக்குத் தெரியாதே."

"அது யார் குத்தம்?" என்றாள் வரலட்சுமி. பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனாள்.

சொல்லிக்கொண்டு போக வேண்டும். அவள் ஷெட் வாசலுக்குப் போனாள். சுதாகர் பின்னாலேயே வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நாலு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்ந்துகொண்டிருந்தது. பச்சைக் கட்டம் போட்ட லுங்கி அங்குலம் அங்குலமாக இறங்கியது. வீரபத்திரன் கடைசித் தறிக்கு அந்தப் பக்கம் நின்றான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. உதடு அசைந்தது.

'சொல்லிக்குடுன்னு ஒங்கிட்ட சொன்னேனே. அவனும் ஒன்னத்தான கேட்டான். ரெண்டு வருசமாச்சி. நீ சொல்லிக் குடுத்திருந்தீன்னா அவன் எங்க ஆளா இருந்திருப்பான். நான் எதுக்கு அந்த வார்த்தயச் சொல்லப் போறேன்?'

அவள் கண்ணை மூடிக்கொண்டிருக்கலாம். மூடினால் கேட்காது. மூடத் தோன்றவில்லை, கடைசி எழுத்துவரை கேட்டாள்.

"இன்னா சொல்றான்?" என்று சுதாகர் அவள் காதுக்கருகில் கத்தினான். அவன் கண்கள் வழக்கம்போல அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே. "தீபா, இன்னா சொல்றான்?"

தறிச் சத்தத்துக்கு மேலே அவனுக்குக் கேட்க வேண்டுமே என்று அவள் அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"ஒண்ணுமில்ல!"

அந்த நொடியில் கரண்ட் போனது. நாடா பாதி வழியில் நின்றது. அவள் குரல் மட்டும் ஷெட்டைத் தாண்டி, தெருவைத் தாண்டி, டீக்கடையில் கிளாஸ் பிடித்து நின்றவர்கள்வரை போனது. எல்லோரும் திரும்பினார்கள். இப்போது வீரபத்திரன் அதையே வாய்விட்டுச் சொன்னால் போதும். சத்தமாகச் சொல்லக்கூடத் தேவையில்லை, சாதாரணமாகச் சொன்னாலே சுதாகருக்குக் கேட்கும். அது அவனுக்கும் தெரியும். தங்கையைப் பார்த்தான்.

பிறகு அவளுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, அறுந்த நூல் ஒன்றைத் தேட ஆரம்பித்தான்.

"ஒண்ணுமில்லியா?" என்றான் சுதாகர், நின்றுபோன தறிகளுக்கு நடுவே, ரொம்ப மெதுவாக.

அவள் வண்டிக்கு நடந்தாள்.